மூன்று விரல் சுண்ணாம்பு

பத்து ஹெல்மெட். மறுபடியும் எண்ணினேன். பத்துதான்.

கழுவேலி ஏரிக் கரையில், ஒரு வேலிக்காத்தான் மர நிழலில் லோடு ஆட்டோவை நிறுத்தியிருந்தேன். பானையில் மோர், துணி விரித்து அதன்மேல் வெள்ளரிக்காய், அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வந்து சாய்ந்துகொண்டிருந்தன. வந்தவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றி ஆட்டோவின் பின்பலகையில் வைப்பது வழக்கம். அதை வைத்துத்தான் நான் தலை எண்ணுவேன். ஆட்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், ஹெல்மெட் நகராது.

திண்டிவனத்தில் காலையில் கிளம்பும்போது பதினொன்று.

"பழனி, யாருடா பாக்கி?" என்றேன். பழனி என் மனைவியின் தம்பி. கூட்டத்துக்கு முன்னால் சைக்கிளில் போய் வழி காட்டுகிறவன்.

"எல்லாரும் வந்துட்டாங்க மாமா. நீ மொதல்ல மோரக் குடி. காலையிலேர்ந்து எண்ணிக்கினே கீறே."

"பதினொண்ணு வரணும்."

அவன் திரும்பிப் பார்த்தான். வாய்க்குள் இருந்த வெள்ளரிக்காயை மெல்லுவதை நிறுத்தினான். "அந்த பாண்டிச்சேரி மேடம்" என்றான்.

சுகந்தி மேடம். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டியவர். அன்றுதான் முதல்முறையாக எங்களோடு வருகிறார். போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சொன்னது. மூன்று முறை சொன்னது.

வழியில் தாண்டி வந்த ஏரி மதகிலிருந்து கரை வரைக்கும் ஒரே வழிதான், ஏரிக்கரை மேலேயே வருவது. வழி தவற அதில் இடமில்லை. தவறியிருந்தால் மதகிலேயே தவறியிருக்க வேண்டும். மதகில் இடப்பக்கம் திரும்பாமல் வலப்பக்கம் திரும்பினால் பனங்காட்டு வழி.

அந்த வழியில் நான் ஒன்பது மாதமாகக் கால் வைக்கவில்லை. அது ஒரு வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறது. அந்த வீட்டு அம்மாவிடம் நான் சொல்லாமல் மறைத்தது ஒன்று இருந்தது.

இந்தத் தொடரில் இதுவரை பஞ்சரையும் பெடலையும் பற்றி எழுதி உங்களைச் சிரிக்க வைத்தேன். இந்த வாரம் சொல்லப்போகும் சங்கதியை எழுத வேண்டாம் என்று என் மனைவி செல்வி சொன்னாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். என் எழுத்துப் பிழைகளைப் பத்திரிகையில் திருத்தித்தான் போடுகிறார்கள். இந்த முறை பிழையை மட்டும் திருத்துங்கள், நடந்ததைத் திருத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

திராட்சைத் தோட்டத்துக்காரர்

மதகுக்குப் போவதற்கு முன்னால், இந்த வழி எப்படி உண்டானது என்று சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் என் சைக்கிள் கடை வாசலில் செயின் அறுந்த சைக்கிளோடு வந்து நின்றார். பாண்டிச்சேரியில் தங்கி, தனியாக ஊர் சுற்றுகிறவர். கொச்சைத் தமிழ் பேசுவார். நான் செயினைக் கோத்துக்கொண்டிருக்கும்போது அவர் ஊரைப் பற்றிச் சொன்னார். அங்கே மலைச்சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டமாம். நடுநடுவே ரோமாபுரிக்காரர்கள் கட்டி விட்டுப்போன சுவர், பாலம், தூண். ஜனங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அதன் வழியாக நாள் முழுக்க மெதுவாகப் போவார்களாம். தோட்டத்துக்குத் தோட்டம் நின்று ஒரு வாய் ஒயின், ஒரு துண்டு ரொட்டி. இடிந்த சுவரில் சாய்ந்துகொண்டு அரை மணி தூக்கம். பிறகு அடுத்த தோட்டம்.

"எங்க போய்ச் சேருவாங்க?" என்று கேட்டேன்.

"எங்கேயும் இல்லை. போவது, அதுதான்" என்றார்.

எனக்கு அது விளங்கவில்லை. கடை ஷட்டரைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிறவன் நான். வீட்டை விட்டு இறங்கினால் கேஸ் அடுப்பை மூன்று முறை தொட்டுப் பார்ப்பேன். எங்கேயும் போய்ச் சேராமல் ஒரு மனிதன் எப்படி நிம்மதியாக சைக்கிள் மிதிப்பான்?

ஆனால் போகும்போது அவர் ஒன்று சொன்னார். உங்களுக்குப் பனை இருக்கிறது, ரோமாபுரிக்காரன் கப்பலும் இந்தக் கரைக்கு வந்திருக்கிறது, நீங்கள் ஏன் செய்யக்கூடாது?

அப்படித்தான் தொடங்கியது. திண்டிவனத்தில் கிளம்பி பெருமுக்கல் மலையடிவாரம். அங்கே பாறையில் யாரோ எந்தக் காலத்திலோ கீறி வைத்த கோடுகளைப் பார்த்துவிட்டு, பிரம்மதேசம் தாண்டி உள்வழியாகப் பனங்காடு. அப்புறம் கழுவேலி, கடைசியில் மரக்காணத்து உப்பளம். பழனி இதற்கு வைத்த பேர் கள்ளு ரூட்டு. கள் கிடையாது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டது. நாங்கள் கொடுத்தது பதநீர். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் சாறு இனிப்பாகவே நிற்கும், அது பதநீர். தடவாவிட்டால் புளித்துப் பொங்கிக் கள்ளாகிவிடும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தச் சுண்ணாம்பைத் தடவிக் கொடுத்தவர் பனை ஏறுகிற ஏழுமலையண்ணன்.

ஜாடியின் அடி

பனங்காட்டுக்கு நடுவில் ஒரு மேடு உண்டு. ஓட்டாங்காடு என்பார்கள். மழை பெய்து விட்டால் மண்ணுக்கு மேல் ஓடு முளைத்தாற்போல் கிடக்கும். சிவப்பு ஓடு, கறுப்பு ஓடு, கழுத்து உடைந்த பானை. மல்லாட்டை பிடுங்குகிறவர்கள் காலில் குத்திக்கொண்டு திட்டுவார்கள். அதற்கு மேல் யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை.

ஏழுமலையண்ணன் அங்கே கிடந்த ஒன்றை எடுத்து வைத்திருந்தார். ஒரு சாண் நீளம், கூம்பு மாதிரி, தடித்த மண். அடியில் கூராக முடியும். எந்தப் பக்கம் வைத்தாலும் நிற்காது, சாய்ந்துவிடும். அவர் அதன் விளிம்பில் கயிறு கட்டி இடுப்பில் தொங்கவிட்டு, அதற்குள்தான் சுண்ணாம்பு வைத்திருந்தார்.

எங்களோடு வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு அசந்துபோனார். அது ரோமாபுரி ஜாடியின் அடிப்பாகமாம். கப்பலில் ஒயின் வந்த ஜாடி. மணலில் குத்தி நிறுத்துவதற்காக அடியைக் கூராகச் செய்திருக்கிறார்கள்.

"அண்ணே, இது சாராயம் வந்த ஜாடியாம்" என்று நான் சொன்னேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதான் பாத்தேன். எவ்ளோ சுண்ணாம்பு போட்டாலும் இழுத்துக்குது. இன்னும் அதுக்குப் போத தெளியல."

அஞ்சலையக்கா, அவர் மனைவி, வாசலில் இருந்தே கத்தினார். "போத தெளியாதது ஜாடிக்கு மட்டுந்தானா?"

ஏழுமலையண்ணன் வாழ்நாளில் கள் குடித்ததில்லை. அக்காவுக்கு அவரைச் சீண்டாமல் பொழுது போகாது.

பனங்காட்டுக்குள் வழி சொல்வது கஷ்டம். செல்போன் வரைபடத்தில் அந்தத் தடமே இருக்காது. நான் முதலில் கல்லில் பெயின்ட் அடித்து அம்பு போட்டேன். மாடு உரசி அழிந்தது, வண்டி ஏறிக் கல்லே புரண்டது. ஏழுமலையண்ணன்தான் வேறு வழி சொன்னார். "பனைக்குப் பனை ஒரே மூஞ்சி தம்பி. அதுங்க மூஞ்சியிலயே எழுதிட்டா போவுது."

வழி பிரிகிற இடத்தில் நிற்கிற பனையில், எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கமாக, மூன்று விரலைச் சுண்ணாம்பில் தோய்த்து ஒரு இழுப்பு. மூன்று வெள்ளைக் கோடு. சைக்கிளில் வருகிறவர் கண்ணுக்கு நேராக இருக்கும்.

அவர் ஆள்காட்டி விரல், பாளை சீவும் அரிவாளில் எப்போதோ பாதி போனது. அதனால் முதல் கோடு மட்டும் மற்ற இரண்டில் பாதிதான் இருக்கும். வேறு யார் போட்டாலும் அந்தக் கோடு வராது.

ஒரே ஒரு மரம்

சித்திரையில் ஒரு நாள் விடியும் நேரத்தில் மழை பெய்தது. அரை மணி நேரம் பெய்து நின்றுவிட்டது. அன்று எங்களோடு வந்தவர்கள் வடநாட்டுக்காரர்கள். தமிழ் தெரியாது. வழியில் இரண்டு பஞ்சர் ஆகி, பனங்காட்டுக்கு வந்து சேரத் தாமதமாகிவிட்டது. பழனி இன்னும் பின்னால் டியூபோடு போராடிக்கொண்டிருந்தான்.

ஏழுமலையண்ணன் மழைக்கு முன்னாலேயே பதநீர் இறக்கி வைத்துவிட்டார். எல்லோரும் பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடித்தார்கள். பிறகு போனைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே மேலே கை காட்டினார்கள். மரம் ஏறுவதைப் படம் பிடிக்க வேண்டும். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார்கள்.

அவர்கள் முகம் சுருங்கிவிடுமோ என்று எனக்குக் கவலை. கவலைப்படுகிறவனுக்கு எல்லாக் கவலையும் ஒரே அளவு. எது பெரியது, எது சின்னது என்று தெரியாது.

அவர் பக்கத்தில் போய் மெல்லச் சொன்னேன். "அண்ணே, ஒரே ஒரு மரம். போட்டோவுக்கு."

"நனைஞ்சி கெடக்குது தம்பி. வழுக்கும்."

"பாதி வரைக்கும் போதும்ணே."

என்னைப் பார்த்தார். துண்டை இறுக்கிக் கட்டினார். "நீ கேக்கிற" என்றார். ஏறினார்.

பாதியில் அவர் நிற்கவில்லை. மரம் ஏறுகிறவரால் பாதியில் நிற்க முடியாது என்று எனக்கு அப்போது தெரியாது. உச்சியை எட்டும்போது கால் வழுக்கியது. நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் சத்தம்.

விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆம்புலன்ஸில் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கண் திறந்திருந்தது. வாய் அசைந்தது, குரல் வரவில்லை. நான் காதை வாயருகே வைத்துக்கூடப் பார்த்தேன். வெறும் மூச்சு. மயிலம் போகிற ரோடு பிரியும் இடம் தாண்டியதும் அதுவும் இல்லை.

அஞ்சலையக்காவிடம் நான் சொன்னது இது: "பதநீர் எறக்க ஏறுனாருக்கா."

"மழ பேஞ்ச மரத்துலயா?" என்று கேட்டார்.

தலையைக் குனிந்துகொண்டேன்.

நான் கேட்டது என் காதுக்கும் அவர் காதுக்கும் மட்டும்தான் தெரியும். அவர் போய்விட்டார். மிச்சம் நான்.

காரியத்தன்று அக்கா அந்தச் சுண்ணாம்புக் குடுவையைத் தேடினார். விழும்போது இடுப்பிலிருந்து அறுந்திருக்க வேண்டும். நானும் பழனியும் மரத்தடியில் புல்லைப் பிளந்து பிளந்து தேடினோம். கிடைக்கவில்லை.

அதற்கு மறுவாரம் நான் ஒரு காரியம் செய்தேன். கம்பி பிரஷ் எடுத்துக்கொண்டு போய், பனங்காட்டில் அவர் போட்டிருந்த கோடுகளை எல்லாம் தேய்த்து அழித்தேன். இரண்டு நாள் ஆனது. பனைத்தோலே பெயர்ந்து வருகிற அளவுக்குத் தேய்த்தேன். வழியை ஏரிக்கரை மேல் மாற்றினேன். மதகில் இடப்பக்கம் திரும்புமாறு தரையில் சுண்ணாம்புத் தூளால் அம்பு போடுவேன். சைக்கிள் கூட்டத்தில் நுங்கும் கிழங்கும் விற்றுக்கொண்டிருந்த அக்காவுக்கு அதோடு அந்த வியாபாரம் நின்றது. அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

மதகுக்கு வலப்பக்கம்

தை மாதம். உச்சி வெயில். பத்துப் பேரையும் பழனியிடம் விட்டுவிட்டு அவன் சைக்கிளை வாங்கிக்கொண்டேன்.

"நானும் வர்றேன் மாமா."

"நீ இங்கயே இரு. யாரையும் நகர விடாத. ஜல்தியா வந்துடறேன்."

"சொம்மா பேஜாராவாத. எங்கனா போட்டோ எடுத்துக்கினு இருக்கும் அந்தம்மா."

மதகில் என் அம்பு அப்படியே இருந்தது. இடப்பக்கம் காட்டியது. மற்ற சைக்கிள் தடமெல்லாம் இடப்பக்கம் போயிருந்தன. ஒரு தடம் மட்டும் வலப்பக்கம்.

வலப்பக்கம் முதல் பனையில் மூன்று வெள்ளைக் கோடு. முதல் கோடு பாதி.

சைக்கிளை விட்டு இறங்கினேன். பழைய கோடுதான், நான் சரியாகத் தேய்க்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் தேய்த்த இடம் அதற்குக் கீழேயே தெரிந்தது. தோல் உரிந்து, பழுப்பாக. கோடு அந்தப் புண்ணின் மேல் இருந்தது.

விரலை வைத்தேன். விரல் வெள்ளையாக வந்தது. ஈரம்.

தை மாதத்தில் அந்தக் காட்டில் யாரும் மரம் ஏறுவதில்லை. பாளை விட்டுச் சாறு இறங்க இன்னும் நாள் இருக்கிறது. யாருக்கும் அங்கே சுண்ணாம்போடு வேலை இல்லை.

பனங்காடு எப்போதும் சும்மா இருக்காது. காற்றே இல்லாவிட்டாலும் ஒரு காய்ந்த மட்டை இன்னொன்றின் மேல் உரசும். யாரோ மேலே உட்கார்ந்து முறத்தில் புடைப்பதுபோல ஒரு சத்தம் இருந்துகொண்டே இருக்கும். அன்று அது இல்லை. சைக்கிளின் ஃப்ரீவீல் சத்தம் மட்டும்தான். நான் மிதிப்பதை நிறுத்தியபோது அது கொஞ்ச நேரம் டிக் டிக் என்று ஓடி நின்றது. நின்ற பிறகு திரும்பவும் மிதிக்க மனம் வரவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தேன்.

அடுத்த பிரிவில் மூன்று கோடு. அதற்கடுத்த பிரிவிலும். எல்லாம் சரியான பக்கம். சரியான உயரம். நானாகப் போயிருந்தால்கூட இரண்டு இடத்தில் தவறியிருப்பேன்.

கோடு எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்கு மூன்றாவது மரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு மரத்திலும் அங்கே இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழுமலையண்ணன் விழுந்த அந்த மரத்தடியில் சுகந்தி மேடம் உட்கார்ந்திருந்தார். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, காலை நீட்டி, வேரில் முதுகை வைத்துக்கொண்டு. வேர்வைகூட இல்லை.

"வாங்க சேகர்! எல்லாரும் எங்க? நான்தான் முதல்ல வந்துட்டேனா?"

"எப்படி மேடம் இங்க வந்தீங்க?"

"மரத்துல மார்க் போட்டிருந்தீங்களே, அதைப் பாத்துத்தான் வந்தேன். தரையில இருந்த அம்பு எதையோ காட்டுச்சு, ஆனா இது புதுசா பளிச்சுன்னு இருந்துது. நல்ல ஐடியா."

"யாரையாச்சும் பாத்தீங்களா?"

"ஒரு ஈ காக்கா இல்ல. இவ்வளவு அமைதியான இடத்தை ஏன் கடைசி வரைக்கும் சொல்லாம வெச்சிருந்தீங்க?" என்று சொல்லிக்கொண்டே மடியிலிருந்து எதையோ எடுத்தார். "இங்க பாருங்க, இதுதான் எனக்கு இன்னைக்குப் பரிசு. பாண்டிச்சேரி மியூசியத்துல இதைக் கண்ணாடிக்குள்ள வெச்சிருப்பாங்க. ரோமன் ஜாடியோட அடி. இங்க சாதாரணமா மரத்தடியில கெடக்குது!"

கூம்பு. ஒரு சாண். விளிம்பில் அறுந்த கயிற்று முடிச்சு.

"எங்க கெடந்துது?"

"கெடக்கல, நின்னுக்கிட்டு இருந்துது. இதோ, இந்த ரெண்டு வேருக்கு நடுவுல மண்ணுல குத்தி நேரா நின்னுது. யாரோ வெச்சிட்டுப் போன மாதிரி. உள்ள சுண்ணாம்பு, கையெல்லாம் ஆயிடுச்சு." விரல்களைக் காட்டினார். பிறகு என் கையைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கும் ஆயிருக்கே."

நானும் பழனியும் புல்லைப் பிளந்து தேடிய இடம் அந்த இரண்டு வேருக்கு நடுவில்தான்.

அஞ்சலையக்கா வாசல்

வந்த வழியே திரும்பி அந்தக் கோடுகளைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. முன்னால் போக ஒரே வழி, அந்த வீட்டைத் தாண்டித்தான். மேடத்துக்குத் தண்ணீர் வேறு தேவைப்பட்டது.

அக்கா வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து அவித்த பனங்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதை வெகு தூரத்திலேயே பார்த்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை.

"வா சேகரு. வழி தெரிஞ்சிதா?"

"மேடத்துக்குக் கொஞ்சம் தண்ணி..."

"உள்ள பானையில கீது. மொண்டு குடிச்சிக்கிறீங்களா மேடம்? எனக்கு முட்டி மடங்கினா நிமிராது. கெழங்கு சாப்புடுங்க. நார வெளிய துப்பிடுங்க."

மேடம் உள்ளே போனார். மேடத்திடம் வாங்கி வைத்திருந்த அந்தக் குடுவையை அக்கா முன்னால் நீட்டினேன்.

அக்கா அதிர்ச்சி அடையவில்லை. வாங்கினார். உள்ளே எட்டிப் பார்த்தார். மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து முந்தானையில் துடைத்து, குடுவைக்குள் விரலை விட்டு எடுத்து வெற்றிலையில் தடவினார். மடித்து வாயில் போட்டார். மென்றார்.

"காரம் போவல" என்றார்.

"அக்கா, மரத்துல கோடு... நீங்களா போட்டீங்க?"

"நான் போட்டா நீ வந்துடுவியா? ஒம்போது மாசமா மதகாண்ட உன் ஆட்டோ சத்தம் கேக்குது. எங்கூட்டு வாசல பாத்தா உனுக்குப் பேய பாத்தா மாதிரி கீது. நான் எதுக்கு உனுக்குக் கோடு போடறேன்?"

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. நின்றபடியே, சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்.

"அக்கா, அன்னிக்கி அவரு பதநீருக்கு ஏறல. பதநீரு முன்னாடியே எறக்கிட்டாரு. நான்தான் ஏறச் சொன்னேன். போட்டோவுக்கு. ஒரே ஒரு மரம்னு கேட்டேன்."

அக்கா கிழங்கை உரித்துக்கொண்டே இருந்தார். தோல் நீளமாக, அறுபடாமல் வந்தது.

"பாதி வரைக்கும் போதும்னு கூட கேட்ட" என்றார்.

வெயில் என் தலைமேல் நேராக இருந்தது.

"யாருக்கா சொன்னது?"

"யாரு சொல்வாங்க? அவருதான்."

"எப்பக்கா?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். என்ன கேள்வி கேட்கிறான் இவன் என்பதுபோல. "எப்பன்னா? சொன்னாரு. வந்து சொன்னாரு."

உள்ளே மேடம் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. அக்கா உரித்த கிழங்கை இரண்டாக ஒடித்து ஒரு பாதியை என்னிடம் நீட்டினார்.

"நீ கேட்டத நான் மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத சேகரு. அது எனுக்கே இன்னும் தெரியல. ஆனா வழிய மாத்திக்கினு போன பாரு, அது அவருக்குப் புடிக்கல. அத்த மட்டும் சொல்லிக்கினே கீறாரு. பசங்க வழி தெரியாம பூடுவாங்கன்னு."

கிழங்கை வாங்கிக் கடித்தேன். நார் தொண்டையில் சிக்கியது.

அவிழ்க்காத மூட்டை

கழுவேலிக் கரைக்குத் திரும்பியதும் பழனி மேடத்தின் ஹெல்மெட்டை வாங்கிப் பலகையில் வைத்தான். "பதினொண்ணு, மாமா. கையெழுத்து போட்டு வாங்கிக்க" என்றான். நான் சிரிக்கவில்லை. அவன் சுண்ணாம்பு படிந்த என் விரலைப் பார்த்தான்.

அன்று இரவு செல்வியிடம் சொன்னேன். அவள் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள். நீ கேட்டது அந்த வடநாட்டுக்காரர்களில் ஒருவர் காதில் விழுந்திருக்கும், அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருக்கும், துக்கத்துக்கு வந்தபோது அக்காவிடம் சொல்லியிருப்பார். குடுவையை மாடு மேய்க்கிறவர் யாராவது எடுத்து வைத்திருந்து திருப்பி வைத்திருப்பார். கோடு பனியில் நனைந்திருக்கும்.

அவர்கள் யாரும் துக்கத்துக்கு வரவில்லை. அவர்கள் எண்கள் என்னிடம் இருந்தன. எல்லோருக்கும் செய்தி அனுப்பிக் கேட்டேன். யாருக்கும் எதுவும் கேட்கவில்லை, எனக்கும் ஏழுமலையண்ணனுக்கும் நடுவில் பேச்சு நடந்ததே தெரியாது என்று பதில் வந்தது. உச்சி வெயிலில் பனி எப்படி நிற்கும் என்று நான் செல்வியைக் கேட்கவில்லை. அவள் எனக்காகத்தான் காரணம் தேடினாள்.

மறுவாரமே வழியைப் பழையபடி மாற்றினேன். இப்போது பனங்காட்டுக்குள்தான் போகிறோம். அக்கா வாசலில் எல்லோரும் இறங்குகிறார்கள். கிழங்குக் காலத்தில் கிழங்கு, நுங்குக் காலத்தில் நுங்கு. சுகந்தி மேடம் மூன்று முறை வந்துவிட்டார். அந்தக் குடுவையைக் கேட்டுப் பார்த்தார். அக்கா கொடுக்கவில்லை. "அது வேலையில கீதும்மா" என்றார். மேடம் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

கூட்டம் வருவது ஞாயிற்றுக்கிழமை. அதனால் சனிக்கிழமை காலையில் நான் மட்டும் தனியாகப் போய் வழி சரிபார்ப்பேன். கேரியரில் சுண்ணாம்புத் தூள் மூட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு போவேன், கோடு அழிந்திருந்தால் அம்பு போட. மதகில் இறங்கி வலப்பக்கம் முதல் பனையைப் பார்ப்பேன். மூன்று கோடு. முதல் கோடு பாதி. விரலை வைத்துப் பார்ப்பதில்லை. அடுத்த மரம், அதற்கடுத்த மரம். எல்லாம் இருக்கும். மூட்டையை அவிழ்க்காமலே திரும்பி வருவேன். தையில் கட்டிய அதே மூட்டைதான் இன்னும் கடையில் கிடக்கிறது.

எனக்குக் கவலை இல்லாமல் இருந்த நாள் கிடையாது என்று இந்தத் தொடரின் முதல் வாரத்திலேயே எழுதியிருந்தேன். பிரேக் கட்டை, வெயில், தலை எண்ணிக்கை எல்லாம் அப்படியே இருக்கின்றன. அதோடு இப்போது ஒன்று சேர்ந்திருக்கிறது. சனிக்கிழமைதோறும் மதகு நெருங்க நெருங்க நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கோடு இருந்துவிடுமோ என்றல்ல. ஒரு நாள் போய் இறங்கிப் பார்க்கும்போது, அது இல்லாமல் போய்விட்டால்?